கல் வெளுத்தது, பாஸ்பேட் போகவில்லை

2023 டிசம்பர் 3 இரவு, மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் போனது. திரும்பி வர மூன்று நாளுக்கு மேல் ஆனது. இரண்டாவது மாடி என்பதால் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் ஹாலில் இருந்த நாலடிக் கடல்நீர்த் தொட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. பேட்டரி ஏர் பம்ப் மறுநாள் மதியம் வரை ஓடியது. அதற்கப்புறம் நானும் மகளும் முறை வைத்து, ஒரு மக்கால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். மூன்றாம் நாள் காலை தண்ணீர் வடிகஞ்சி போலக் கலங்கியிருந்தது. ஐந்து வருடம் எங்களோடு இருந்த கிளௌன் மீன் ஜோடி, ஒரு கோபி மீன், நத்தைகள், கல்லுக்குள் குடியிருந்த புழு பூச்சி எல்லாமே போய்விட்டன.

மிஞ்சியது தொட்டிக்குள் அடுக்கியிருந்த சுமார் 24 கிலோ கல். தண்ணீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா குடியிருப்பது இந்தக் கல்லில்தான். அந்தக் கல்லை ஒரு முறை சுத்தம் செய்து தொட்டியில் வைத்தேன், இரண்டே மாதத்தில் தொட்டி பாசியாகிப் போனது. திரும்ப எடுத்து நான்கு மாதம் வேலை செய்து மறுபடி வைத்தேன். இரண்டு முறையும் என்ன செய்தேன், என்ன அளந்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன். கலைத்துவிட்ட தொட்டியின் பழைய கல்லை வாங்கப் போகிறவர்களும், என்னைப் போல ஒரு இழப்புக்குப் பிறகு மறுபடி தொடங்குகிறவர்களும் இதைப் படித்தால் ஒரு தொட்டியாவது தப்பிக்கும் என்று நம்புகிறேன்.

கல் எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018-இல் வாங்கிய ட்ரை ராக். கடலிலிருந்து எடுத்ததல்ல, ஃபுளோரிடாவில் நிலத்தை வெட்டி எடுக்கும் பழைய சுண்ணாம்புப் பாறை. நம் ஊரில் இதைக் கேட்டு வாங்குவது அவசியம். கல் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்து, அந்தக் கடல் பட்ட பாடு போதும். யாராவது தொட்டியைக் கலைத்துவிட்டுக் கல் தருகிறேன் என்றால், எங்கே வாங்கியது என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வெந்நீர் வேண்டாம்

தொட்டியைக் காலி செய்த அன்று பக்கத்து வீட்டு மாமா உதவிக்கு வந்தார். நல்ல மனசு. "பெரிய அண்டாவுல கொதிக்க வெச்சு ஒரு முக்கு முக்கி எடுங்க தம்பி, எல்லாக் கிருமியும் போயிடும்" என்றார். சமையலறைப் பழக்கத்தில் எல்லோருக்கும் தோன்றும் யோசனைதான். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

என் கற்களில் இரண்டின் மேல் பட்டன் பாலிப் என்ற பூப்போன்ற கடல் உயிரி படர்ந்திருந்தது. இந்த வகைப் பாலிப்புகளில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கிறது. இயற்கையில் இருக்கும் மிகக் கடுமையான நஞ்சுகளில் அது ஒன்று. 1971-இல் ஹவாயில் பிரித்தெடுத்தார்கள். கொதிக்கும் நீரின் ஆவியோடும், ஜெட் வாஷரில் தெறிக்கும் திவலையோடும் அது மூச்சுக்குள் போய்விடும். வாயில் கசப்பு அல்லது உலோகச் சுவை, குளிர் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், உடம்பு வலி என்று வரும். அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை மீன் கடையிலும் வீடுகளிலும் இப்படிப் பலர் பாதிக்கப்பட்டதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015-இல் வெளியிட்டது. 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு வீட்டில் தொட்டிக் கல்லைத் தேய்த்ததில் குடும்பத்தோடு, உதவிக்கு வந்தவர்களும் சேர்த்துப் பத்துப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

ஆகவே கொதிக்க வைக்கவில்லை, அடுப்பில் வாட்டவில்லை, பாலிப்பைப் பிரஷ்ஷால் தேய்க்கவும் இல்லை. கையுறை, கண்ணாடி, மாஸ்க் போட்டுக்கொண்டு கல்லை மொட்டை மாடியில் இரண்டு நீல டிரம்மில் போட்டோம். பாலிப் இருந்த இரண்டு கல்லையும் தனி வாளியில் பிளீச் கலந்த தண்ணீருக்குள் முழுக முக்கி, மூடி வைத்துவிட்டேன். மற்றவை அப்படியே காய்ந்து கிடந்தன. 2024 முழுக்க அந்தப் பக்கம் போக மனசு வரவில்லை.

முதல் முறை

2025 ஜனவரியில் தொடங்கினேன். காய்ந்த கல்லைக் கெட்டி பிரஷ்ஷால் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் அலசி, பிளீச்சில் ஊற வைத்தேன். கொரோனா காலத்தில் தெருத்தெருவாக அடித்தார்களே, அந்த சோடியம் ஹைப்போகுளோரைட் ஐந்து லிட்டர் கேனில் கிடைக்கிறது. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், இரண்டு நாள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். அதில் சுண்ணாம்பு நிறைய இருப்பதால் சேறு போல அடியில் தங்கி, கல்லின் துளைகளை அடைக்கும்.

இந்த இடத்தில் ஒரு பெயர்க் குழப்பத்தைச் சொல்ல வேண்டும். ஹைப்போகுளோரைட்டையும் கடையில் 'ஹைப்போ' என்கிறார்கள். அந்தக் காலத்து போட்டோ ஸ்டுடியோவில் பயன்பட்டு, இன்று மீன் கடைகளில் குளோரின் போக்க விற்கும் கற்கண்டு போன்ற பொருளுக்கும், அதாவது சோடியம் தயோசல்பேட்டுக்கும், 'ஹைப்போ' என்றுதான் பெயர். ஒன்று குளோரின் தருவது, மற்றது குளோரினை அழிப்பது. கடையில் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு நாளில் கல் பளிச்சென்று வெளுத்தது. தயோசல்பேட் போட்டு, அலசி, ஒரு வாரம் வெயிலில் காய வைத்தேன். "என்னங்க, வாங்குனப்போ இருந்ததைவிட வெள்ளையா இருக்கே" என்று மனைவியே ஆச்சரியப்பட்டார். கல்லை அடுக்கி, ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலந்து நிரப்பி, அம்மோனியம் குளோரைடு போட்டு சைக்கிள் ஓட்டினேன், அதாவது அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவைக் கல்லில் வளர்த்தேன். ஐந்து வாரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தன. மார்ச் கடைசியில் இரண்டு சின்ன கிளௌன் வந்தன. வீட்டில் பழைய சந்தோஷம் திரும்பியது.

ஏப்ரல் இரண்டாம் வாரம் கல்லின் உச்சியில் பச்சை மயிர்ப்பாசி. மாதக் கடைசியில் அது ஒரு அங்குல நீளத்துக்குக் கல் முழுவதும் மூடிவிட்டது. மணலில் அவ்வளவாக இல்லை, கண்ணாடியிலும் குறைவு. கல்லில்தான் மெத்தை மெத்தையாக இருந்தது. கொளத்தூரில் வழக்கமாகப் போகும் கடை அண்ணன், புதுத் தொட்டிக்குப் பாசி வருவது சகஜம், லைட்டைக் குறையுங்கள் என்றார். குறைத்தேன். பிடுங்கினேன். நாலு நாளில் அதே நீளத்துக்கு வளர்ந்தது.

பாசிக்கு முக்கியத் தீனி பாஸ்பேட், அதாவது மீன் உணவிலிருந்தும் கழிவிலிருந்தும் தண்ணீரில் சேரும் பாஸ்பரஸ் உப்பு. என்னைக் குழப்பியது தண்ணீர்ச் சோதனை. என்னிடம் ஹான்னா கம்பெனியின் பாஸ்பரஸ் செக்கர் என்ற சின்னக் கருவி இருக்கிறது. அது பாஸ்பரஸை பிபிபி கணக்கில், அதாவது நூறு கோடியில் எத்தனை பங்கு என்று காட்டும். அந்த எண்ணை 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கிடைக்கும். தொட்டித் தண்ணீரில் 5 காட்டியது, அதாவது 0.015 பிபிஎம். பவளம் வளர்ப்பவர்கள் 0.03 முதல் 0.1 வரை வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். என் தண்ணீர் அதையும்விடச் சுத்தம். பாசிக்குத் தீனி எங்கிருந்து வருகிறது?

வாளிச் சோதனை

மே முதல் வாரம் ஒரு சின்னச் சோதனை செய்தேன். உண்மையில் இதை ஜனவரியிலேயே செய்திருக்க வேண்டும்.

இரண்டு வாளி. இரண்டிலும் ஐந்து லிட்டர் புதுக் கடல்நீர், ஆளுக்கொரு குட்டிப் பம்ப். தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடிக் கல்லை எடுத்து, பாசியை முழுக்கச் சுரண்டி, ஒரு வாளியில் போட்டேன். மற்றதில் கல் இல்லை. வெளிச்சம் பட்டால் பாசி குடித்துவிடும் என்பதால் இரண்டையும் படுக்கை அறை அலமாரிக்குக் கீழே தள்ளி, கறுப்புத் துணி போட்டு மூடினேன். மூன்று நாள் கழித்து அளந்தேன்.

கல் இல்லாத வாளியில் 6. கல் இருந்த வாளியில் செக்கர் 200 என்று காட்டி மினுக்கியது. அது கருவியின் உச்ச வரம்பு, அதற்கு மேல் அளக்கத் தெரியாது. 2 மில்லி மாதிரியோடு 8 மில்லி ஆர்.ஓ. தண்ணீர் கலந்து மறுபடி வைத்தேன். 112. ஐந்து மடங்கு நீர்த்ததால் 560 பிபிபி பாஸ்பரஸ், அதாவது 1.72 பிபிஎம் பாஸ்பேட். நான் பார்த்துப் பார்த்து வெளுத்த கல் மூன்றே நாளில் இருட்டில் கக்கியது அவ்வளவு.

தொட்டித் தண்ணீரில் ஏன் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. கல்லிலிருந்து கசிவதைக் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்த பாசி உடனுக்குடன் தின்றுவிட்டது. தண்ணீருக்கு வந்து சேர எதுவும் மிஞ்சவில்லை. பாசி மண்டிய தொட்டியில் பாஸ்பேட் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் சொன்னால், அதை நம்பி நிம்மதி அடைய வேண்டாம்.

பிளீச் ஏன் போதவில்லை? சுண்ணாம்புக் கல்லின் பரப்பில் பாஸ்பேட் வந்து ஒட்டிக்கொள்ளும். துளைகள் நிறைந்த கல்லில் அந்தப் பரப்பு வெளியே தெரிவதைப்போலப் பல மடங்கு. ஐந்து வருடம் மீனுக்குப் போட்ட உறைந்த இறாலும் ஃபிளேக் தீனியும் அதில் சேர்ந்திருந்தன. அதற்கு மேல் அந்த மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கல்லுக்குள்ளேயே அழுகிய உயிர்கள். பிளீச் கரிமப் பொருளைத்தான் எரிக்கும். அதிலிருந்த பாஸ்பரஸ் எங்கும் போவதில்லை, பாஸ்பேட்டாக மாறிக் கல்லிலேயே தங்குகிறது. சுற்றியுள்ள தண்ணீரில் பாஸ்பேட் குறைவாக இருந்தால் கல் வெளியே விடும், மிகுந்தால் உறிஞ்சும். கருவாட்டுக் குழம்பு வைத்த மண்சட்டி மாதிரி. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும், அடுத்த முறை பால் காய்ச்சினால் வாசனை வந்துவிடும்.

இரண்டாம் முறை

புதுக் கல் வாங்கிவிடலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். 24 கிலோவுக்கு விலை ஒரு பக்கம். புதிய ட்ரை ராக்கிலும் பாஸ்பேட் இருக்கக்கூடும் என்பது இன்னொரு பக்கம். எப்படியும் அளந்துதான் வைக்க வேண்டும் என்றால், இருப்பதையே சரி செய்யலாம் என்று முடிவு செய்தேன். மீன் இரண்டையும் சம்ப்பில், அதாவது மீன் தொட்டியோடு இணைந்த ஃபில்டர் தொட்டியில், இருந்த செராமிக் வளையங்களோடு அறுபது லிட்டர் டப்புக்கு மாற்றினேன். பாக்டீரியா அந்த வளையங்களிலும் இருந்ததால் மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாசி போக மறுபடி பிளீச், மூன்று நாள். அப்புறம் தயோசல்பேட், மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசல். கத்திரி வெயில் நேரம், மொட்டை மாடித் தரையில் கால் வைக்க முடியாது. பத்து நாள் புரட்டிப் புரட்டிக் காய வைத்தேன். அடுத்து ஆசிட் என்பதால்தான் இவ்வளவு கவனம். பிளீச் மிச்சம் இருக்கும் கல்லில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு வரும், ஆளைக் கொல்லும். தயோசல்பேட் மிச்சம் இருந்தாலும் ஆசிட்டோடு சேர்ந்து கந்தக டை ஆக்சைடு வரும். எலும்பு போலக் காய்ந்து, முகர்ந்தால் எந்த வாடையும் இல்லாத கல்தான் ஆசிட்டுக்குப் போக வேண்டும்.

பாத்ரூம் கழுவும் நீல நிற ஆசிட்டில் சோப்பும் சாயமும் இருக்கும், அது உதவாது. பாரிமுனைப் பக்கம் ரசாயனக் கடையில் 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வாங்கினேன். காலை ஆறு மணி, காற்று முதுகுப் பக்கமிருந்து வீசுகிற மாதிரி நின்றுகொண்டேன். தடித்த ரப்பர் கையுறை, முகம் மூடும் கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் இரண்டு கிலோ சமையல் சோடாவும். பிளாஸ்டிக் டப்பில் முதலில் 12 லிட்டர் தண்ணீர், அதன் பிறகு அதில் மெதுவாக ஒரு லிட்டர் ஆசிட். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட். ஆசிட்டில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

முதல் கல்லை இறக்கியதும் சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்த மாதிரி நுரை பொங்கியது. நுரை முதலில் பழுப்பாக வந்தது. பிளீச்சுக்குப் பிறகு பளபளவென்று இருந்த கல்லின் உள்ளே அவ்வளவு அழுக்கு. பத்து நிமிடத்தில் நுரை வெள்ளையானது. கல்லை எடுத்துச் சோடா கரைத்த தண்ணீரில் போட்டேன், பிறகு அலசல். ஒரு டப்பில் நுரை சுத்தமாக நின்றுபோனால் ஆசிட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், புதிதாகக் கலக்க வேண்டும். மொத்தம் மூன்று லிட்டர் ஆசிட் போனது. ஒரு லிட்டர் 30 சதவீத ஆசிட் சுமார் 470 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கும். கணக்குப்படி 1.4 கிலோ குறைய வேண்டும். காய வைத்துத் தராசில் வைத்தேன்: 24.2 கிலோ இருந்தது 22.9 ஆகியிருந்தது. 1.3 கிலோ மேல்தோலும் அதில் ஒட்டியிருந்ததும் போய்விட்டன. மீந்த தண்ணீரில் நுரை வராத அளவுக்குச் சோடா போட்டு, நிறையத் தண்ணீர் சேர்த்துத்தான் சாக்கடையில் விட்டேன். குழந்தைகள் இருக்கும் வீட்டில், மூடிய பால்கனியில், தனியாக இருக்கும்போது இந்த வேலை வேண்டாம்.

அதே கைப்பிடிக் கல், அதே வாளி, அதே மூன்று நாள். இந்த முறை 41, அதாவது 0.126 பிபிஎம். பெரிய இறக்கம். ஆனால் கல்லை எடுக்காமல் இரண்டு வாரம் விட்டுப் பார்த்தேன். 124 காட்டியது, 0.38 பிபிஎம். ஆசிட் தொட்டது தோலைத்தான், உள்ளிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தது. மூன்று நாள் எண்ணோடு நிறுத்தியிருந்தால் மறுபடி ஏமாந்திருப்பேன்.

மிச்சத்தை எடுக்கப் பொறுமைதான் வழி. நிழலான பால்கனியில் மூடியுள்ள டிரம், 150 லிட்டர் கடல்நீர், உள்ளே கல் அத்தனையும், தண்ணீரைச் சுழற்ற ஒரு வேவ்மேக்கர். வெளிச்சம் கிடையாது. அதில் லாந்தனம் குளோரைடு. லாந்தனம் தண்ணீரிலுள்ள பாஸ்பேட்டைப் பிடித்து, கரையாத வெள்ளைத் துகளாக ஆக்கிவிடும். தண்ணீரில் பாஸ்பேட் குறையக் குறையக் கல் உள்ளிருந்து விட்டுக்கொண்டே இருக்கும். மொத்தமாகக் கொட்டினால் வேலை செய்யாமலே கார்பனேட்டோடு சேர்ந்து வீணாகும். அதனால் ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 5 மில்லி கலந்து, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஐ.வி. செட்டை மாட்டி, குளுக்கோஸ் ஏற்றுவது போலச் சொட்டுச் சொட்டாக விட்டேன். டிரம் தண்ணீரைச் சின்னப் பம்ப் ஒன்று 5 மைக்ரான் ஃபில்டர் பை வழியாகச் சுற்றிவிட்டது. இரண்டு நாளுக்கு ஒரு முறை பையைக் கழுவினால் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக வரும். மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுதான் பாசியோட சாப்பாடா?" என்று கேட்டாள். அதேதான். மீன் உள்ள தொட்டியில் இப்படிச் செய்யத் துணியமாட்டேன், அந்தத் துகள் செவுளுக்குக் கேடு. கே.எச்., அதாவது தண்ணீரின் காரத்தன்மை, இறங்குவதால் வாரம் ஒரு முறை அதையும் பார்த்து ஏற்றினேன்.

ஆறு வாரம் சொட்டு. இடையில் மூன்று முறை முழுத் தண்ணீரும் மாற்றினேன், ஒவ்வொரு முறையும் ஐந்தேகால் கிலோ உப்பு. பிறகு லாந்தனத்தை நிறுத்திப் புதுத் தண்ணீரில் இரண்டு வாரம் சும்மா விட்டேன். இந்தச் சும்மா விடுவதுதான் தேர்வு. முதல் முயற்சியில் 0.21-க்கு ஏறியது. காரணத்தைத் தேடிக் கல்லைக் கல்லாக வாளியில் போட்டுப் பார்த்ததில், இரண்டு பெரிய அடிக்கற்கள்தான் விட்டுக்கொண்டிருந்தன. பழைய தொட்டியில் அவை மணலுக்குள் புதைந்து, ஐந்து வருடக் கழிவு மேல் உட்கார்ந்திருந்தவை. அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மறுபடி இரண்டு வாரம் வைத்தேன். 20 காட்டியது, 0.06 பிபிஎம். போதும் என்று தோன்றியது. முழுப் பூஜ்யம் தேவையில்லை. பாக்டீரியாவுக்கும் கொஞ்சம் பாஸ்பேட் வேண்டும்.

அதற்குப் பிறகுதான் அதே டிரம்மில் அம்மோனியம் குளோரைடு போட்டுக் கல்லில் பாக்டீரியா ஏற்றினேன். சம்ப் வளையங்கள் சிலவற்றையும் கூடப் போட்டதால் மூன்றரை வாரத்தில் 2 பிபிஎம் அம்மோனியா ஒரே நாளில் காணாமல் போனது. 2025 செப்டம்பரில் கல் தொட்டிக்குத் திரும்பியது. மீன்களும் திரும்பின.

இன்றைய நிலை

ஐந்து மாதம் ஆகிறது. தொட்டியில் பாஸ்பேட் 0.04-க்கும் 0.07-க்கும் நடுவே நிற்கிறது. முதல் மாதம் பழுப்பு டயாட்டம் பாசி வந்து போனது. மயிர்ப்பாசி தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ ஓரத்தில் மட்டும் கொஞ்சம், நத்தைகள் பார்த்துக்கொள்கின்றன. போன மாதம் பின்பக்கக் கல்லில் சின்னப் பொட்டு அளவுக்கு ஊதா நிறத்தில் கோரலைன் என்ற நல்ல பாசி தெரிந்தது. ஏதோ ஒரு நத்தையின் ஓட்டோடு வந்திருக்க வேண்டும். மூன்று வாரத்தில் அது மூன்று பொட்டாகியிருக்கிறது. பழைய தொட்டியில் கல் முழுக்க அந்த நிறம்தான்.

ஒதுக்கிய இரண்டு அடிக்கற்கள் இன்னும் பால்கனி டிரம்மில் இருக்கின்றன. சொட்டு, தண்ணீர் மாற்றம், இரண்டு வாரம் காத்திருப்பு என்று அதே வேலை. கடந்த ஞாயிறு அளந்தேன், 62. அதாவது 0.19 பிபிஎம். இன்னும் இறக்க வேண்டும்.